மூன்று டிகிரி

மேடமும் சாரும் புருஷன் பெண்டாட்டி. ஆய்வுக்கூடத் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் மேடத்தின் மின்சார அறை. அந்தக் கோடியில் சாரின் எக்ஸ்ரே அறை. நடுவே பன்னிரண்டு வருஷச் சண்டை. எல்லாம் நகத்தளவு வனேடியம் ஆக்சைடு படலத்துக்காக. ஆறியிருந்தால் அது மின்சாரத்தை அண்டவிடாது. அறுபத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கினால் உலோகம் மாதிரி தாராளமாக விட்டுவிடும். ஏன்?

“எலக்ட்ரானுக்கு எலக்ட்ரான் ஆகாது. பக்கத்துல ஒருத்தன் இருந்தா இவன் நகரமாட்டான்” என்பார் மேடம்.

“அதுங்க பாவம். ஆறினதும் அணுக்கள் ஜோடி ஜோடியா சேர்ந்து வழிய அடைச்சிடுது” என்பார் சார். கட்டின பெண்டாட்டியிடமே இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்தான்.

மேடத்தின் ஆராய்ச்சி மாணவி அளந்தபோது, மின்தடை அறுபத்தைந்திலேயே சரிந்தது. சாரின் எக்ஸ்ரேயிலோ அணு ஜோடிகள் பிரிந்தது அறுபத்தெட்டில். எலக்ட்ரான்தான் முந்தியது! மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாணவிக்குத் தாழ்வாரமே ‘மூணு டிகிரி’ என்று பெயர் வைத்தது. வியாழக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வெளியே ஒரு வேலை தயார்.

திங்கட்கிழமை குறிப்பேட்டைப் புரட்டியவள் மின்சார அளவு எழுதியிருந்த பக்கத்தில் நின்றுவிட்டாள். வரைபடக் கோடு நடுங்காமல் அழகாக வரட்டும் என்று மின்சாரத்தை எக்கச்சக்கமாக ஏற்றியிருந்தாள். அதில் படலமே சூடாகியிருக்கும். அடியில் செப்புத் தட்டில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டருக்கு அது எப்படித் தெரியும்? நூறில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி அளந்தாள். கோடு நடுங்கி நடுங்கி வந்து அறுபத்தெட்டில் விழுந்தது.

கமுக்கமாக இருந்திருக்கலாம். யார் தோண்டப்போகிறார்கள்? இவளோ காகிதத்தோடு நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். தம்பதி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், அந்த மூணு டிகிரி நானே ஏத்தின சூடு.”

“நான் அப்பவே சொல்லல?” என்று சார் தொடையில் தட்டினார்.

“நீங்களும் ஜெயிக்கல சார். ரெண்டும் ஒரே சூட்டுல நடக்குது. யார் முந்தினாங்கன்னு இத வெச்சுச் சொல்ல முடியாது.”

சார் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

“வியாழக்கிழமை?” என்றார் மேடம்.

“அந்த அத்தியாயம் போச்சு மேடம். இன்னும் நாலு மாசமாவது ஆகும்.”

மேடம் டம்ளரை ஓரமாகத் தள்ளினார். “ஏங்க, உங்க மிஷினைக் காலி பண்ணுங்க. எக்ஸ்ரே விழறப்பவே இவ மின்தடையும் அளக்கட்டும்.”

“எட்டு பேர் வரிசையில நிக்கறாங்கம்மா!”

“நிக்கட்டும்.”

வேலை கொடுப்பதாக இருந்தவர்களுக்கு விஷயத்தை எழுதினாள். சாயங்காலமே பதில் போட்டார்கள்: அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதாம். கழிவறையில் பத்து நிமிஷம் அழுதாள். வெளியே கைகழுவ நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு முகம் கழுவிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனாள். அங்கே வயரை எந்தப் பக்கமாக விடுவது என்று மேடமும் சாரும் ஏற்கெனவே சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளுங்க” என்றாள்.