பின்சுவரில் ஒரு சதுரம்

“ஜல்தி தருமா, ஜல்தி! வேன் கண்ணமங்கலம் தாண்டிடுச்சாம்!”

கோபிநாத் தானே செங்கல்லை எடுத்து நீட்டினார். நாடு முழுக்க ஓடும் கைசேர் எக்ஸ்பிரஸ் பார்சல் வண்டிகளுக்கு முதலாளி. இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆரணியில் ஒரு பழைய கொட்டகைக்குள் சித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கொத்தனார் தருமன் அசரவில்லை. “பேஜார் பண்ணாதீங்க சார். அவசரத்துல பூசினா நாளைக்கே பல்லைக் காட்டும்.”

பின்சுவரில் ஒரு சதுர ஓட்டை. கை நுழையும், தலை நுழையாது. அதைத்தான் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கைசேர் பிறந்தது இந்தக் கொட்டகையில்தான். சுற்றுவட்டாரத் தறிகளிலிருந்து வந்த பட்டுப் புடவைகளை கோபிநாத்தின் அப்பா ஜெயச்சந்திரன் இங்கே வாங்கிக் கட்டி, பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்துச் சென்னைக் கடைகளுக்கு அனுப்பினார். பஸ்ஸில் போனது பிறகு லாரியில் போனது. இன்று விமானத்தில் போகிறது. கொட்டகை மட்டும் பூட்டியே கிடந்தது.

திறக்க வைத்தவர் மதிவதனி. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரப்போகும் முதல் தலைமை அதிகாரி. அவர் வந்தால்தான் கம்பெனி நிமிரும். அவரோ, “கம்பெனி பொறந்த இடத்தைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து” என்று சொல்லிவிட்டார்.

ஓட்டையைப் பார்த்தால் எதற்கென்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்து கிடையாது. கோபிநாத்துக்கே அது போன வாரம்தான் அம்மா வாயிலிருந்து தெரிந்தது.

“இன்னாத்துக்கு சார் இந்த ஓட்டை? பூனை வரவா?”

“காத்துக்குய்யா.”

“காத்துக்கா?” தருமன் கரணையைத் துடைத்தான். “வெளியே சந்துல சுமை இறக்குற கல்லு ஒண்ணு நட்டிருக்குது. காத்து தலையில மூட்டை தூக்கிகினு வருமா சார்?”

வாசலில் ஹாரன் அடித்தது.

பூச்சு சொட்டச் சொட்ட ஈரம். கைக்கு அகப்பட்டது கம்பெனி பேனர் ஒன்றுதான். எடுத்து ஆணியில் மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேனரில் அப்பா தன் கையாலேயே வரைந்த கம்பெனிச் சின்னம்: சிவப்புச் சதுரம், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையில் பொட்டலம். சதுரம் சரியாக ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

கழற்ற நேரமில்லை. அவர் மனைவி அனுபமா முன்னால் வர, மதிவதனி நுழைந்தார். பின்னாலேயே சிவப்புச் சட்டை போட்ட ஊழியர்கள், செல்போனும் கையுமாக.

“வாங்க மேடம், இதுதான் அப்பாவோட தராசு…”

மதிவதனி தராசைப் பார்க்கவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போனார். பேனரைத் தூக்கினார். தொட்டார். விரலில் சிமெண்ட்.

“ஈரமே காயலையே சார்.”

“அது… எலித் தொல்லை மேடம். அதான் அடைச்சு…”

“எங்க அம்மா பேரு கன்னியம்மா. களம்பூர் பக்கம் காலனி. தறி வீட்டுலேர்ந்து புடவை மூட்டையைத் தூக்கிகினு நடந்தே இங்க வருவாங்க.” குரல் உயரவே இல்லை. “சந்துல ஒரு கல்லு இருக்கும்னு சொல்வாங்க. இருக்கா, அதையும் எடுத்துட்டீங்களா?”

தருமன்தான் மெதுவாகச் சொன்னான்: “இருக்குதும்மா.”

“இவங்க அத்தனை பேர் சட்டையிலயும் இந்தக் கை இருக்கு சார். கை மட்டும் ஏன் இருக்கு, ஆள் எங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.”

அனுபமா தரையைப் பார்த்தாள். ஊழியர்கள் செல்போனை இறக்கினார்கள்.

“தருமா,” என்றார் கோபிநாத். “அடைச்ச செங்கல்லை எடுத்துடு.”

ஈரச் செங்கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. சந்து வெயில் சதுரமாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவர் சொன்னார்:

“பட்டுக்குத் தீட்டு கிடையாதுன்னு எங்க வீட்டுல ஒரு வழக்கம். யார் தொட்டாலும் புடவை உள்ளே வரலாம். அதைத் தூக்கிகினு வந்தவங்க வரக்கூடாது. வாசப்படி மிதிக்காம, பின்சந்துல வந்து, இந்த ஓட்டைக்குள்ள கையை மட்டும் நீட்டணும். எங்க அப்பா ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. பார்த்ததைத்தான் வரைஞ்சார்.”