பழைய சாவு வெட்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிழையான மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. மொழிபெயர்த்தது நானில்லை, ஒரு கைப்பேசி. ஆனால் பார்த்தவுடனேயே அது பிழை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அதனால் இதை எழுதுவதில் கொஞ்சம் மன்னிப்புக் கேட்பதும் இருக்கிறது. கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பெருமை.

என் பெயர் நப்லா. பதுளை பஸாரில் நானும் என் கணவர் ஸரூக்கும் ஒரு ஃபேன்சிக் கடை வைத்திருக்கிறோம். ரிபன், ஸ்டிக்கர், மணி, மினுக்குத் தூள், டிஷு பேப்பர் எல்லாம் கிடைக்கும். நான் கதை எழுதுகிறவள் என்பது கடைக்கு வருகிறவர்களில் மூன்று பேருக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் தெரியாதது போலவே நடந்துகொள்வார்கள். மூன்றாவது ஆள் ஜீவராணி.

2

தொடக்கம் ஒன்று: "மடுல்சீமை மலைகளின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, ஜீவராணி தன்னுடைய—"

வேண்டாம். தோட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதல் வரியிலேயே பனி இறங்கிவிடுகிறது. அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.

தொடக்கம் இரண்டு: "ஸ்க்ராப்புக் எனப்படும் கலையானது மேலை நாடுகளில்—"

இதுவும் வேண்டாம், பாடசாலைக் கட்டுரை வாசம் அடிக்கிறது. ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை ஒன்று. அதில் ஒரு படமோ ஒரு ஞாபகமோ, சுற்றிலும் கடதாசி, ரிபன், பொத்தான், இரண்டு வரி எழுத்து. அவ்வளவுதான். ஜீவராணி அதற்கு வைத்திருக்கும் பெயர் "ஒட்டுப் பக்கம்". ஸ்க்ராப்புக் என்பதை விட நல்ல பெயர்.

தொடக்கம் மூன்று. இதையே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது நான் இட்டுக்கட்டியது அல்ல:

"அக்கா, வீசப் போற சாமான் ஏதும் இருக்கா?"

மாதத்துக்கு ஒருமுறை ஜீவராணி கடைக்குள் வரும்போது கேட்கும் கேள்வி இது. நாற்பத்தொரு வயது. மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பதினொரு குழந்தைகள், இரண்டு தொட்டில், ஒரு அலுமாரி, ஜீவராணி.

நான் கொடுப்பதெல்லாம் விற்காத சாமான். வெயில் பட்டு வெளுத்த அட்டை, பசை காய்ந்த ஸ்டிக்கர், நல்ல எழுத்தெல்லாம் போய் கியூவும் எக்ஸும் இஸட்டும் மட்டும் மிஞ்சிய ஆங்கில எழுத்துத் தாள். இஸட்டைப் படுக்கவைத்து ஆங்கில 'என்' எழுத்தாக்குவாள். நான்கு எக்ஸைச் சேர்த்துப் பூ ஆக்குவாள்.

இதைப் பார்த்துத்தான் அவளை ஓர் இணையக் குழுவில் சேர்த்துவிட்டேன். ஹெலன் என்ற நியூசிலாந்துக்காரி நடத்துகிறார். மாதம் ஒரு சவால். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடக்கும் பழைய சாமானை வைத்தே பக்கம் செய்ய வேண்டும். ஜீவராணி பதினொரு மாதம் அனுப்பினாள். பதினொரு மாதமும் யாரோ இரண்டு பேர் ஒரு பூப்படம் போட்டார்கள், அத்தோடு சரி.

3

பன்னிரண்டாவது மாதம் அவள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஹெலன் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கைப்பேசி தமிழாக்கியிருந்தது:

"இந்த மாதம், உங்கள் பழைய சாவு வெட்டுகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். வெட்கம் வேண்டாம். எல்லோரிடமும் இருக்கின்றன."

(வாசகருக்கு ஒரு குறிப்பு. இந்தத் தொழிலில் "டை கட்" என்றால் அச்சில் அழுத்தி வெட்டிய கடதாசி உருவங்கள்: பூ, பறவை, கேக். ஆங்கிலத்தில் அச்சைக் குறிக்கும் அதே எழுத்துகள் சாவையும் குறிக்கும். கைப்பேசி சாவைப் பிடித்துக்கொண்டது.)

"பாத்தீங்களா அக்கா? எல்லார்கிட்டயும் இருக்காமே!"

"என்ன இருக்காம்?"

கடையில் வேறு யாருமில்லை. இருந்தும் குரலை இறக்கினாள். "சாவு வெட்டு. நான் மட்டுந்தான் கிறுக்கச்சி மாதிரி எடுத்து வச்சிருக்கேன்னு நெனச்சேன். பதினாலு வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இங்க பாருங்க, வெள்ளக்காரிங்க கூட வச்சிருக்காங்க!"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தோட்டத்தில் யாராவது இறந்தால் பாடை கட்டுவார்கள். அதைச் சுற்றி டிஷு பேப்பரை மடித்து, கத்தரித்து, விரித்துத் தொங்கவிடுவார்கள். அந்த லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கத்தரிக்கோல் பிடிப்பவள் ஜீவராணி. மற்றவர்கள் வெட்டினால் பூவும் கொடியும் வரும். இவள் மட்டும் மடிப்புக்குள் வேறொன்றை ஒளித்து வெட்டுவாள், செத்தவர் கையிலோ மேலிலோ எப்போதும் எது இருந்ததோ அதை. தப்பு மேளம் அடிக்கும் பொன்னையாவுக்கு அந்தத் தப்பு. குடையில்லாமல் வெளியே இறங்காத ஒரு பெண்ணுக்குக் குடை. பாடை நகரும் அவசரத்தில் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? எல்லாம் மயானத்தோடு போய்விடும். மிச்சம் வீட்டுக்குள் வரக் கூடாது, தீட்டு.

ஜீவராணி ஒவ்வொரு சாவிலும் ஒரு துண்டை மடியில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் பேர், திகதி. இருபத்தாறு துண்டுகள், ஒரு பிஸ்கட் டின்னில். டின் இருந்தது பிள்ளைக் காம்பரா அலுமாரியில், குழந்தைகளின் பால் போத்தலுக்கு மேல் தட்டில்.

"ஏன் எடுத்து வச்சீங்க?"

"மயானத்துல ஒரு கல்லு இல்ல அக்கா. மூனு மழ பேஞ்சா எது யாரு குழின்னே தெரியாது. படம் புடிச்சு வச்ச வீடும் கொறைவு. இதாச்சும் இருக்கட்டும்னுதான்." பிறகு சொன்னாள்: "லயத்துல தெரிஞ்சா ஒருத்தியும் புள்ளய அனுப்ப மாட்டா. காம்பராவ விட்டே என்னத் தூக்கிருவாங்க. ஆனா உலகமே செய்யுதுன்னா என்னங்க பயம்?"

என் தலைக்குப் பின்னால் கொக்கியில் அசல் டை கட் பன்னிரண்டு பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கலாம். உலகம் அப்படிச் செய்யவில்லை, நீங்கள் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது: "டீ குடிக்கிறீங்களா?"*

* இந்த இடத்தை ஏழு முறை மாற்றி எழுதினேன். ஒரு பிரதியில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் டின்னை மூடிவிடுகிறாள், கதை அங்கேயே செத்துவிடுகிறது. ஆனால் கதைக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

4

பக்கத்தை அவள் ஒரு வாரத்தில் செய்தாள். அடியில் என் கடைக் கண்ணாடியில் கிடந்து வெளுத்த நீல அட்டை. பழைய கல்யாணக் கார்டுகளின் பொன் ஓரங்களைக் கத்தரித்து வரிசை கட்டினாள், லயத்து அறைகள் மாதிரி. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு வெட்டு. மேல் ஓரத்தில் மட்டும் கம் தொட்டு ஒட்டியிருந்ததால் தூக்கிப் பார்த்தால் பேர் தெரியும்.

விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதினேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதிவேற்றினாள்.

5

இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. எனக்கு ஜீவராணியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதாவது, நான் எழுதிக்கொண்டிருக்கும் ஜீவராணியின் மேல்.

இங்கிலீசு தெரியாத அப்பாவித் தோட்டத்துப் பெண், விவரம் தெரிந்த டவுன் அக்கா. யார் இவர்கள்? உண்மையான ஜீவராணி பஸ் நடத்துநரையே கணக்கில் மடக்குகிறவள். அவளா ஒரு கைப்பேசி சொன்னதை அப்படியே நம்பினாள்? (இதை அவளே பின்னால் சொன்னாள். பதில் வரும், கொஞ்சம் பொறுங்கள்.)

6

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அஜந்தன் அவளுக்குத் தம்பி முறை. அவன் குழுவில் அந்தப் பக்கத்தைப் பார்த்து, பெருமை தாங்காமல் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். மறுநாள் காலை பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் நேரத்தில், அதுதான் பேச்சு. பதினொரு குழந்தைகளில் மூன்றுதான் காம்பராவுக்கு வந்தன.

ஜீவராணி தொலைபேசியில் அழவில்லை. "வந்தா நல்லது அக்கா" என்றாள். ஸரூக்கிடம் கடையை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக, போனவுடன் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். வாசலில் இராக்கம்மா நின்றாள், இடுப்பில் மகன் வயிற்றுப் பேரக் குழந்தையோடு. காலையில் அனுப்பாத குழந்தைகளில் அதுவும் ஒன்று. அந்தத் தோட்டத்தில் வாய்க்குப் பேர்போனவள் இராக்கம்மா. அவளுடைய மகள் யசோதினி காய்ச்சலில் போய் ஆறு வருடம்.

"எங்கடி அந்த அட்ட?"

ஜீவராணி எடுத்துக் கொடுத்தாள்.

(முதல் பிரதியில் இங்கே இராக்கம்மா "ஐயோ மகளே" என்று கதறி ஜீவராணியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். வெட்டிவிட்டேன். அவள் யாரையும் கட்டிப்பிடிக்கிறவள் இல்லை.)

இராக்கம்மா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பேர் பார்க்க எந்த வெட்டையும் தூக்கவில்லை. விரல் தானாகப் போய் ஓரிடத்தில் நின்றது. தலையில் குத்தும் இரண்டு வண்ணத்துப்பூச்சிக் கிளிப், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

"ரெண்டு கிளிப்பு," என்றாள். "ஒன்னு பத்தாது அவளுக்கு. என்னத்துக்குடி ரெண்டுன்னு நாந்தான் தெனம் ஏசுவேன்." விரலை எடுக்காமலே நிமிர்ந்தாள். "இத ஏன்டி இத்தன வருசம் ஒளிச்சு வச்ச?"

"தீட்டுன்னு சொல்லுவீங்கன்னு..."

"எம் மக தீட்டா?"

இராக்கம்மா இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து ஜீவராணி கையில் திணித்தாள். "இந்தா, புள்ளயப் புடி. கொழுந்துக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் போய்விட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மன்னிப்புக் கேட்பது அடியோடு மறந்துபோயிற்று.

மறுநாள் பதினொரு குழந்தைகளும் வந்தன. அம்மாமாரும் உடனே போகவில்லை. வரிசையில் நின்று வெட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். "எங்கப்பா ரேடியோ!" என்று ஒருத்தி கத்தியதில் தொட்டிலில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. பொன்னையாவின் மகன் வந்து, தப்பில் ஒரு வார் குறைகிறது என்று குற்றம் கண்டுபிடித்தார். அந்த வாரமே காம்பராச் சுவரில் அட்டைக்கு ஆணி அடித்ததும் அவர்தான்.

7

குழுவிலும் ஒரு கூத்து நடந்தது. முதல் ஆளாக ஒருத்தி, "நீங்கள் சவாலைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று எழுதினாள். ஹெலன் அவளுக்குப் பதில் எழுதினார்: "இல்லை, நான்தான் சவாலைத் தவறாக வைத்துவிட்டேன்." முதலிடம் ஜீவராணிக்கு.

பரிசுப் பார்சல் என் கடை முகவரிக்கு வந்தது. அவள் கடையிலேயே பிரித்தாள். உள்ளே கடதாசியில் பூ, பறவை, கேக்.

"இது என்னங்க அக்கா?"

தப்பிக்க வழியில்லை. "டை கட். அவங்க கேட்டது இதத்தான். எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லல."

அவள் ஒரு கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் பேர் எதுவுமில்லை.

"எனக்கும் சந்தேகந்தான்," என்றாள். "அன்னைக்கு நான் கேக்காமலே டீ குடுத்தீங்கல்ல? ஒருநாளும் குடுக்க மாட்டீங்களே. அது நெசமான்னு கேட்டா இல்லன்னுருவீங்கன்னுதான் நானும் கேக்கல."

சிரித்தோம். ஸரூக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப அவங்க ஒருத்தர்கிட்டயும் இல்லையா?"

"இல்ல."

"பாவம்," என்றாள் ஜீவராணி.

8

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்கு பதுளையில் கண்காட்சி நடக்கிறது. ஒன்றில் நான் அவளிடம் முறையாக மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றில்— அதுவும் வேண்டாம். மூன்றையும் கிழித்துவிட்டேன். இந்தக் கதையை முடிக்க எனக்கு அதிகாரமில்லை. முதலிடம் வந்தவர்தான் அடுத்த மாதச் சவாலை வைக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். ஜீவராணி என் கடை ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். குழுவுக்கு ஆங்கிலத்தில் போனது. உங்களுக்கு அவள் சொன்னபடியே தருகிறேன். மிச்சக் கதை உங்கள் கையில்.

"ஒரு பழைய தாள எடுங்க. புதுசு வேணாம். செத்துப்போன ஒருத்தர நெனச்சுக்கங்க. மூஞ்சி வெட்ட வேணாம், அது யாருக்கும் சரியா வராது. அவங்க கையில எப்பவும் என்ன இருந்துச்சோ அத வெட்டுங்க. கோணலா வந்தாப் பரவாயில்ல. பின்னால பேரு எழுதுங்க. எழுதியாச்சாக்கா? கடைசி நாள் முப்பதாந் திகதின்னு போடுங்க. பிந்தி வர்றத நான் எடுக்க மாட்டேன்."