நாற்பத்தைந்து டிகிரி முகூர்த்தம்

குமணன்சாவடியில் எத்திராஜின் கல்யாண மண்டபத்தில் சாம்பார் முன்னே பின்னே இருக்கலாம். வெந்நீர் மட்டும் கொதிக்கும். அவருக்கு அதில் அப்படியொரு பெருமை. மொட்டை மாடியில் இருக்கும் டீசல் பாய்லர் எப்போதும் எழுபது டிகிரியில் நிற்கும். பச்சைத் தண்ணீர் கலக்காமல் யாரும் மேலே ஊற்றிக்கொண்டதில்லை.

மருமகள் பவித்ராவுக்கு அதுதான் உறுத்தல்.

"டீசலைக் கொளுத்தி எழுபது வரைக்கும் சுட வெச்சு, அப்புறம் பச்சைத் தண்ணி ஊத்தி ஆற வெக்கிறோம். இது இன்னா கூத்து மாமா? காத்துல இருக்குற சூட்டை இழுத்துத் தண்ணியில ஏத்துற ஹீட் பம்ப் போட்டா கொஞ்சம் கரண்ட்லயே வேலை முடிஞ்சிடும். ஆனா அது மிதமான சூடுதான் குடுக்கும். அதனால முதல்ல இதே பாய்லரை நாப்பத்தஞ்சுல ஓட்டிப் பாப்போம். எல்லாரும் ஒத்துக்கிட்டா பம்ப் வாங்கலாம்."

"எல்லாரும் ஒத்துக்குவாங்கம்மா. மாப்ள ஊட்டுக்காரங்க ஒத்துக்கணுமே? தண்ணி சுடலன்னு ஒருத்தன் சொல்ட்டா மண்டபத்துப் பேரே பூடும்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரே ஒரு தை முகூர்த்தம். தண்ணீரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு குறை வந்தாலும் பவித்ரா பம்ப் பேச்சையே எடுக்கக் கூடாது. எந்த முகூர்த்தம் என்பதை எத்திராஜே தேர்ந்தெடுத்தார். மாப்பிள்ளை பட்டாபிராம்காரர், அவருடைய தாய்மாமன் அய்யாசாமி. முன்பு ஒரு கல்யாணத்தில், பாயசத்தில் தன் தம்ளருக்கு மட்டும் முந்திரி வரவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர்.

"வேற ஆளே கிடைக்கலையா உங்க அப்பாவுக்கு?" என்று பவித்ரா கணவன் தினேஷிடம் புலம்பினாள்.

"அய்யாசாமியே பாஸ் போட்டா ஊரே பாஸ் போட்ட மாதிரி. போ, போய் வேலையைப் பாரு."

முதல் நாள் மாலை அவளே பாய்லரில் சூட்டை வைக்கும் திருகை நாற்பத்தைந்துக்குத் திருப்பினாள். தினேஷைப் பிடித்துக் குளிக்க வைத்துப் பார்த்தாள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். அந்தத் தைரியத்தில் எல்லாக் குளியலறையிலும் ஒரு தாளை ஒட்டினாள்: 'இதமான வெந்நீர். பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டாம்.'

விடியற்காலையில் அய்யாசாமி தொடங்கிவிட்டார். தலையணை கல். மின்விசிறி முனகுகிறது. காபியில் ஆடை. ஒவ்வொன்றுக்கும் பவித்ரா சிரித்தபடி தலையாட்டினாள். தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. துண்டோடு அவர் குளியலறைக்குள் போனார். அவள் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யய்யோ!"

சோப்பு நுரையும் இடுப்புத் துண்டுமாக அய்யாசாமி கூடத்துக்கே ஓடி வந்தார். தோள் சிவந்திருந்தது.

"யாருப்பா இங்க ஓனரு? குளிக்கத் தண்ணி வெச்சியா, கோழி ரெக்க உரிக்க வெச்சியா? கலக்காதன்னு எழுதி வேற ஒட்டிக்கிறீங்க!"

எத்திராஜ் பாய்ந்து வந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீரை அவர் தோளில் கவிழ்த்தார். பவித்ரா மாடிக்கு ஓடினாள். திருகு எழுபதில் நின்றது. அதன் மேல் மூன்று விரல் தடமாக விபூதி. இந்த வீட்டில் விபூதிக் கையோடு பாய்லரைத் தொடுகிறவர் ஒருவர்தான்.

படியில் காலடிச் சத்தம். எத்திராஜ் வந்து திருகைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மனசு கேக்கலம்மா. மாப்ள ஊடாச்சேன்னு, நாலு மணிக்குக் கொஞ்சூண்டு திருப்பினேன். நீ நோட்டீஸ் ஒட்னது எனக்கு இன்னா தெரியும்?"

பவித்ராவுக்குக் கோபம் வரவேண்டும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது.

"ஒப்பந்தப்படி குறை வந்துடுச்சு மாமா. நான் பேச்சை விட்டுடுறேன்."

"வந்துச்சு. யாரு மேல வந்துச்சு? எழுபது மேலதானே வந்துச்சு?" எத்திராஜ் பாய்லரை ஒரு தட்டுத் தட்டினார். "ஆமா, உன் பம்பு எழுபது வரைக்கும் போவுமா?"

"நான் பாத்து வெச்சிருக்குறது போகாது மாமா. அம்பத்தஞ்சோட நின்னுடும்."

"எவ்ளோ திருப்பினாலும்?"

"எவ்ளோ திருப்பினாலும்."

"அப்ப அதையே வாங்கிடு தாயி," என்றார் எத்திராஜ். "என்னிய நம்ப முடியாது."