குண்டனுக்கு ஒரு கூலிங் மேட்

"அக்கா, குண்டனுக்கு வெயில் தாங்கல. ஒரு கூலிங் மேட் பாத்துச் சொல்லுங்களேன். நீங்கதானே அவனுக்குத் தீனி போடுறீங்க," என்று ஓரகத்தி போனை நீட்டியபோது மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. குண்டன் ஒரு கினிப்பன்றி. ஆசைப்பட்டு வாங்கியது ஓரகத்தி. கூண்டு கழுவுவதும் கீரை நறுக்கிப் போடுவதும் மூத்தவள். இவள் காலடிச் சத்தம் கேட்டாலே அது சீட்டியடிக்கும். அது இருப்பது கீழே, ஏசி கூடத்தில். மூத்தவளும் கணவனும் மகளும் மாடியில், தகரக் கூரை போட்ட அறையில். போன கோடையில் மகள் அங்கே மயங்கி விழுந்தபோது, இரவு மட்டும் கூடத்தில் படுக்கட்டுமா என்று இவள் கேட்டாள். "பழகிடும்க்கா," என்றாள் ஓரகத்தி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறோமே என்று கணவன் மகளை மாடிக்கே கூட்டிப்போனான்.

ஆனாலும் ஒரு வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய இவளுக்கு வராது. ஜெல் அடைத்த மேட் என்றால் குண்டன் கடித்துக் குதறி உள்ளே இருப்பதையும் தின்றுவிடும். நனைத்து விரிக்கிற துணி என்றால் நாறிப்போகும். கடைசியில் ஓர் அலுமினியத் தகட்டைத் தேர்ந்தெடுத்தாள். அது தானாகக் குளிராது, அறை எவ்வளவு சூடோ அவ்வளவு சூடாகிவிடும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்தது வீட்டில் இவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனின் மேலதிகாரி மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அந்த அம்மாளுக்கு மிருகங்களின் முடி பட்டாலே தும்மல் வருமாம்.

"அக்கா, அவங்க போற வரைக்கும் குண்டன் உங்க ரூம்ல இருக்கட்டும்."

"அங்க கொதிக்குமே."

"அதான் மேட் இருக்குல்ல! ஜில்லுனு கிடப்பான்."

ஒரே வார்த்தையில் விளக்கியிருக்கலாம். இவள் விளக்கவில்லை. சாகட்டும் என்று நினைத்தாள். அந்த வாயில்லா ஜீவன் மேல் இவளுக்கு என்ன கோபம்? ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது சொல்ல வேண்டியதையும் தயாராக வைத்துக்கொண்டாள்: பழகிடும்னு நெனச்சேன்மா. கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இனித்தது. அறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். விருந்தாளி போகும்வரை அவளும் கீழே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு.

பரிமாறினாள், சிரித்தாள், எச்சில் தட்டுகளை எடுத்தாள். காது மட்டும் மாடியிலேயே இருந்தது. கடைசியில் மனசு கேட்காமல், அலசிக்கொண்டிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஏறினாள். படியில் கால் வைத்ததுமே கேட்க வேண்டிய சீட்டி கேட்கவில்லை.

குண்டன் தகட்டின்மேல் பக்கவாட்டில் கிடந்தது. உடம்பெல்லாம் ஈரம். மகள் தரையில் முழங்காலிட்டு நோட்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தகடு சுடுதும்மா. என் தண்ணியெல்லாம் அவன் மேல ஊத்திட்டேன்."

"நீ குடிச்சியாடி?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள். நான் யாரைச் சுடப் போனேன், யார் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று மூத்தவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பின்னாலேயே கோபம் வந்தது. இந்தத் தடவை அதற்குப் போக வேண்டிய இடம் தெரிந்திருந்தது.

குண்டனை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலுமாகக் கூடத்துக்கு இறங்கினாள். மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து மகளைக் குடிக்க வைத்தாள். ஏசிக்கு நேர் கீழே, மேலதிகாரி உட்கார்ந்திருந்த வெள்ளை சோபாவின் மறுமுனையில் மகளை உட்காரவைத்து, குண்டனை நடுவில் கிடத்தினாள். தானும் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் சோபாவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மேலதிகாரியின் மனைவி தும்மினாள். "ஐயோ, எங்கம்மா வச்சிருந்தீங்க இத?"

"நாங்க தூங்குற ரூம்லங்க. தகரக் கூரை. இதுக்கு ஒத்துக்கல, கொண்டு வந்துட்டேன்."

ஓரகத்தி கண்ணாலேயே மாடியைக் காட்டினாள். மூத்தவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் ஏசிக் காற்றுக்கு முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். குண்டனின் வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. அதன் உடம்பிலிருந்து வடிந்த தண்ணீர் வெள்ளை சோபாவில் கறையாகப் பரவி, மேலதிகாரியின் தொடையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.