ஆரணி வரைக்கும் படம்

கம்பிக்கட்டு தூக்கித் தூக்கி இடுப்பு தனியாகக் கழன்றுகொண்டதுபோல் வலித்தது. பகல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் சாய்ந்தேன். டிவியில் பாதிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஷிப்டு ஆட்களை ஏற்றி வரும்போதே டிரைவர் படத்தைப் போட்டுவிடுவார். கும்மிடிப்பூண்டியில் அவர்கள் இறங்கியதும் மிச்சம் எங்களுக்கு.

பக்கத்தில் என்னோடு கம்பி தூக்கும் மோசஸ். குறும்படம் எடுக்கப்போவதாகச் சொல்லி செல்போனில் பாடம் கேட்பவன்.

"கதைன்னா மூணு பாகம், துளசி. மொத பாகம் பாக்காதவனுக்கு ஒண்ணும் புரியாது."

"எனக்குப் புரியுதே. படத்துல அந்தம்மாவுக்கு லாரி வேணும், ஃபைனான்ஸ்காரன் தரமாட்டேன்றான். ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், ஒருத்தன் குறுக்க நிக்கணும். அவ்ளோதான் கதை."

"அப்ப முடிவு இன்னா?"

"லாரி கெடைக்கும்."

"கெடைக்காது. நடுவுல இவ்ளோ ஜெயிச்சா கடைசில எல்லாம் போவும். அதான் ரூலு."

பந்தயம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவருக்குத்தான் லீவு; ஜெயிப்பவனுக்கு அது. அன்றைக்குப் பெரியபாளையம் கோயிலில் என் மகளுக்கு மொட்டை. தோற்றால் என் பெண்டாட்டி சோனியா என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள்.

முன் சீட்டில் இருந்த பேக்கிங் சுமலதா இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். அவளையே நடுவராக்கினோம்.

அந்தம்மா லாரிச் சாவியில் கைவைத்தபோது எங்கள் ஊர் ஆரணி வந்துவிட்டது. மூவரும் இறங்கினோம். பஸ் பெரியபாளையத்துக்குப் போய்விட்டது.

"முடிவ சொல்லும்மா," என்றான் மோசஸ்.

"எனக்கு இன்னா தெரியும்? மூணு தபாவும் இதே பஸ்ஸு, இதே ஆரணி. பெரியபாளையத்துக்காரங்கள கேளு. முடிவு தெரியாம எனக்கே அரிச்சிக்கினுதான் கீது."

"பாத்தியா, மூணாம் பாகம் இல்லாம கதை நிக்காது."

அது சரிதான். எனக்கும் அந்தச் சாவி கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனால் முதல் பாகம் எங்கே என்று பஸ்ஸில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அவன் சொன்ன மூன்று பாகத்தில் ஒன்று செல்லாது.

"படத்த வுடுங்க," என்றாள் சுமலதா. "ஞாயித்துக்கெழம உனக்கு இன்னா வேணும், துளசிண்ணே?"

"பாப்பாவுக்கு மொட்டை போடணும்."

"உனக்கு, மோசஸண்ணே?"

"தூங்கணும்."

"மொட்டைக்குக் குறுக்க நீ நிக்கிற. உன் தூக்கத்துக்குக் கதையே கெடையாது. லீவு துளசிண்ணனுக்கு."

"நான் ஏன் தூங்கலன்னு மொத பாகம் கேக்காமலே தீர்ப்பு சொல்றா பாரு," என்று முனகிக்கொண்டே நடந்தான்.

ஆனாலும் அந்த ஞாயிறு வேலைக்குப் போனான். மொட்டை நல்லபடியாக முடிந்தது. மோசஸுக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு பாக்கி. இன்னும் தீர்க்கவில்லை.