மூன்று உயரத்தில் ஒரு சித்தப்பா

மேகம் காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. ஆறு மூட்டைப் பஞ்சும் இரண்டு புகை இயந்திரங்களும். பெரிய கொட்டகையின் நடுவே ஒரு சாப்பாட்டு அறை மட்டும் முழங்கால் உயரத்தில் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் மூன்றுதான், நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காமிரா. ஜன்னலுக்கு அந்தப்புறமும் கொட்டகையின் சுற்றுப்புறமும் முழுக்கப் பச்சைத் துணி. படத்தில் அங்கே வானம் வரும். யாராவது ஒரு எட்டு வைத்தால் அறை மெல்ல அசைந்தது. மேஜைமேல் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. தூக்கத்துக்குள் போகும்போது கேட்கிற மாதிரியான சத்தம்.

சித்தப்பா தன் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். டைரக்டரிலிருந்து கார் ஓட்டுகிறவர்வரை. வீட்டில் அவர் மனைவியே கூட, கோபம் வந்தால், "என்ன சித்தப்பா, கரண்ட் பில் கட்டியாச்சா?" என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் நாலு பாகம் ஓடி, இப்போது ஐந்தாவதும் கடைசியுமான பாகம். கதை ஊருக்கே தெரிந்ததுதான்: உருப்படாத மந்திர சக்தி வாய்த்த ஒரு குடும்பம். அண்ணன் தூங்கினால் ஒரு சாண் உயரம் மிதப்பார். அண்ணிக்குக் கோபம் வந்தால் வீட்டுக்குள் மழை பெய்யும். அவர்கள் மகள் பாப்பா கடிகாரங்களோடு பேசுவாள். அண்ணனின் தம்பியான சித்தப்பா வெட்கப்பட்டால் மறைந்துபோவார். பாவம், அவருக்கு எப்போதும் வெட்கம்.

மறைந்துபோவதற்குத்தான் அந்தப் பச்சை உடுப்பு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரே துணி, கண்ணுக்கு நேரே வலை, வாய்க்கு நேரே ஒரு சின்ன ஓட்டை, முதுகில் ஜிப். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடிப்பார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவரைத் துடைத்துவிடுவார்கள். அவர் பிடித்த ஸ்பூன் மட்டும் அந்தரத்தில் மிஞ்சும். ஒவ்வொரு பாகத்திலும் கடைசி ஒன்றரை நிமிஷம் அவர் முகம் தெரியும். அந்த நேரம் அவர் மனைவிக்கு அத்துப்படி. தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர்களை முழங்கையால் இடித்து எழுப்பிவிடுவாள்.

டைரக்டர் அவரைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, நீங்க ஒரு பெரிய கலைஞர்," என்று ஆரம்பித்தார்.

இந்தத் தொழிலில் ஒருவரைப் பெரிய கலைஞர் என்று யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

"இந்தப் பாகத்தோட ஆன்மாவே இல்லாமைதான். ஒரு மனுஷன் இல்லைங்கறதை ஒரு குடும்பம் எப்படி உணருது? அதை நான் தேடிட்டு இருக்கேன். அதுக்கு நீங்க நிஜமாவே இல்லாம இருந்தாத்தான்…"

"சரியா வரும்," என்று சித்தப்பாவே முடித்துவைத்தார்.

"கரெக்ட். நீங்க புரிஞ்சுப்பீங்கன்னு தெரியும். கேரக்டர் இருக்கு. ஆள்தான் வேண்டாம். குரலை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அந்தக் கடைசி ஒன்றரை நிமிஷம்?"

"காலி நாற்காலியோட முடிக்கறேன். மேல வெள்ளையா ஒரு வெளிச்சம்." டைரக்டர் அந்த வெளிச்சத்தை இப்போதே பார்ப்பவர்போல அண்ணாந்தார். மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு எதற்கு ஒரு ஆள் என்று நாலு பாகமாக யாருக்கும் தோன்றவில்லை என்பதே பெரிய விஷயம்தான். சித்தப்பா வாதாடவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், பச்சை நிறத்தில் நின்றுகொண்டு, யாராலும் கம்பீரமாக வாதாட முடியாது. பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று பார்த்தார். அவள் மேக்கப் அறையில் இருந்தாள். டைரக்டர், "நானே சொல்லிக்கறேன், மூடு கெட்டுடும்," என்றார்.

உடுப்பைக் கழற்றப் போனால் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. காஸ்ட்யூம்காரர் இழுத்துப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார், ஆகாத வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்.

"இப்படியே நில்லுங்க சித்தப்பா. குறடு எடுத்துட்டு வர்றேன்," என்று போனவர் போனவர்தான்.

அப்படியே நின்றார். பின்னால் பச்சைத் திரை. மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, தான் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியவில்லை என்று. ஒரு லைட்காரர் அவர் தோள்மேல் கை ஊன்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வலைக்குள்ளிருந்து பார்க்க, எல்லாமே குளத்தடியில் நடப்பதுபோல் பச்சையாக, மெதுவாக இருந்தது. அண்ணன், அண்ணி, பாப்பா மூவரும் வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலிக்கு முன்னால் தட்டு, ஸ்பூன், ஒரு கிண்ணம் சூப். பஞ்சு மேகம் ஒன்று நாற்காலிக் காலைச் சுற்றி ஊர்ந்தது. தான் செத்துப்போன பிறகு தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி அவருக்கு இருந்தது. பரவாயில்லை, சூப் வைத்திருக்கிறார்கள்.

காட்சி சின்னதுதான். வீடு நிரந்தரமாகப் பறந்துபோகப் போகிறது. வெட்கத்தில் மறைந்துவிட்ட சித்தப்பா கூட வருகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. மூவரும் காலி நாற்காலியைப் பார்க்க வேண்டும். பாப்பா வசனம் சொல்ல வேண்டும்.

"சித்தப்பா இன்னிக்கு வரலியா?" என்று பாப்பா டைரக்டரைக் கேட்டாள்.

"இனிமே வரமாட்டார்மா. இந்தப் பாகத்துல அவர் ஒரு கருத்து."

பாப்பா தன் டம்ளரைச் சற்று நகர்த்தி வைத்தாள். முதல் பாகத்தில் அவளுக்கு ஆறு வயது. பச்சை உருவத்தைப் பார்த்துப் பயந்து, காமிரா வண்டிக்கடியில் போய் ஒளிந்துகொண்டவள். சித்தப்பாதான் ஜிப்பை இறக்கிக் குனிந்து, தலையுறையை மூக்குவரை தூக்கிக் காட்டி, "பாரு, மூக்கு இருக்கு. மூக்கு இருந்தா மனுஷன்தான்," என்று வெளியே கூட்டி வந்தார். இப்போது அவளுக்குப் பதினெட்டு. அவரைவிட நாலு விரல் உயரம்.

"ஆக்‌ஷன்."

காமிரா பாப்பாவின் முகத்தில் இருந்தது. அவள் நாற்காலியைப் பார்த்தாள். பார்வை முதுகுச் சாய்வைத் தாண்டி ஏறியது, இன்னும் ஏறியது, வெறும் காற்றில் ஓரிடத்தில் போய் நின்றது.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் சித்தப்பா," என்றாள். கண் நிறைந்தது, வழியவில்லை. டம்ளர்கள் கிணுகிணுப்பதை நிறுத்தியிருந்தன.

டைரக்டர் ஓகே என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

சிக்கலைக் கண்டுபிடித்தது கன்டினியூட்டி அக்கா. போன ஷாட்டில் ஸ்பூன் எந்தக் கையில் இருந்தது, டம்ளரில் தண்ணீர் எத்தனை விரல் என்று எழுதிவைப்பதுதான் அவர் வேலை. மூன்று பேருடைய ஷாட்டும் எடுத்து முடிந்ததும் மூன்றையும் மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், இங்க மூணு சித்தப்பா இருக்காங்க."

"என்னது?"

"அண்ணன் பார்க்கிற இடத்துல ஒரு ஆள் இருந்தா, அவர் நாற்காலியில இல்ல, நாற்காலிக்கு அடியில இருக்கணும். அண்ணி முகத்தைப் பார்க்கவே இல்ல, தட்டைத்தான் பார்க்கறாங்க. பாப்பா பார்க்கறது பரணை, சார்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அவர்தான் படத்தின் நாயகர். ஒரு சாண் மிதப்பது பாத்திரம்தான் என்றாலும், நிற்கும்போதும் குறையக் கூடாது என்று மூன்று அங்குல ரகசிய அடித்தோல் வைத்த ஷூ போடுகிறவர். "தம்பின்னா கீழதானே இருப்பான்? இதுல என்ன தப்பு?" என்றார்.

"நான் வேற எங்க பார்ப்பேன்?" என்றார் அண்ணி. "அவர் சரியா சாப்பிடமாட்டார். நாலு பாகமா நான் தட்டைத்தான் பார்த்துட்டிருக்கேன். அந்த உடுப்புல வாய் இருக்கிற இடத்துல ஒரு சின்ன ஓட்டைதான் வச்சிருக்காங்க, பாவம், பாதி சிந்திடும்."

பாப்பாவைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியல. அவர் அங்கதான் இருப்பார்," என்றாள் அவள்.

பச்சைத் திரைக்கு முன்னால் நின்ற சித்தப்பாவுக்குத் தெரிந்தது. ஆள் இருந்தவரை அவள் ஆளைப் பார்த்தாள். ஆள் இல்லாதபோது, ஆறு வயதில் முதன்முதலாக அந்த மேஜையில் உட்கார்ந்து அண்ணாந்த இடத்தைப் பார்க்கிறாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வளர்ந்துவிட்டாள். அந்த இடத்தை இறக்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் மூக்கு அரித்தது. துணிக்குமேலே சொறிய முடியாது, சொறிந்தால் தெரிந்துவிடும்.

பாப்பாவை மறுபடி எடுத்தார்கள். இம்முறை ஒரு குச்சியில் பந்தைச் செருகி நாற்காலி உயரத்தில் பிடித்தார்கள். பந்தைப் பார்த்து அவள் பரீட்சை எழுதுவதுபோல் தவறில்லாமல் வசனம் சொன்னாள். அதற்கு யாரும் ஓகே சொல்லவில்லை, டைரக்டர்கூட. முதல் ஷாட்டைத் தூக்கிப்போட முடியாது என்று காமிராமேனே வாய் திறந்து சொல்லிவிட்டார். அப்படியானால் மற்ற இருவரும்தான் அவள் பார்த்த உயரத்துக்கு வர வேண்டும். பந்தைப் பரண் உயரத்துக்குத் தூக்கினார்கள். அண்ணி தட்டிலிருந்து பார்வையை எடுக்க முடியாமல் திணறினார். அண்ணன் பந்தைக் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார். ஸ்பூனை நைலான் நூலில் கட்டி இழுத்தார்கள். அது சூப்போடு கிளம்பி நேராக அண்ணன் மீசைக்குப் போயிற்று. மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"பந்துகிட்ட எனக்குப் பாசம் வரல," என்றார் அண்ணன், மீசையைப் பிடித்தபடி.

"இன்னும் இருபத்தோரு சீன் இருக்கு சார்," என்றார் கன்டினியூட்டி அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே. "இருபத்தொண்ணுலயும் மூணு பேரும் அவரைப் பார்க்கணும். அறுபத்து மூணு சித்தப்பா ஆயிடும்."

டைரக்டர் சிறிது நேரம் நெற்றியில் விரல் வைத்திருந்தார். பிறகு, "இல்லாமை முழுமை அடையணும்னா, அதுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கு. நான் அப்பவே நினைச்சேன்," என்றார். "சித்தப்பாவுக்குப் போன் போடுங்க. ரொம்ப தூரம் போயிருக்க மாட்டார்."

போன் போட்டார்கள். பச்சைத் திரைக்குள் எங்கோ மணி ஒலித்தது. எல்லோரும் திரும்பி வானத்தைப் பார்த்தார்கள். வானத்தின் ஒரு பகுதி கையைத் தூக்கி, "இங்கதான் இருக்கேன். ஜிப் சிக்கிடுச்சு, எடுக்க முடியல," என்றது.

பாப்பா முதலில் சிரித்தாள். பிறகு, "எவ்வளவு நேரமா?" என்றாள்.

"ஆரம்பத்திலேருந்து."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி எழுந்து போய் அவர் முதுகில் ஒன்று வைத்தார். "வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன? சூப் ஆறிப்போச்சு."

நாற்காலியில் மரப்பெட்டி ஒன்றை வைத்து அவரை உட்காரவைத்தார்கள். அளவு நாடாவோடு கன்டினியூட்டி அக்கா வந்தார். போதவில்லை. இன்னொரு பெட்டி, அதற்குமேல் ஒரு தலையணை. இப்போது சித்தப்பாவின் தலை மேஜையில் இருந்த எல்லோருக்கும் மேலே, கிட்டத்தட்ட விளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறை மெல்ல ஆடியது. உயரத்திலிருந்து பார்க்க, மேகமும் மேஜையும் மூன்று தலைகளும் எங்கோ மிதந்துபோவது போலவே இருந்தது.

அண்ணன் எழுந்து நின்றார். "இது ஆகாது. ஃப்ரேம்ல எனக்கு மேல யார் தலையும் இருக்கக் கூடாது. அக்ரிமென்ட்லயே இருக்கு."

அந்த அக்ரிமென்டுக்காக ஒரு தடவை ஒரு ஒட்டகச்சிவிங்கியையே உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே," என்றார் சித்தப்பா மேலிருந்து, மிகவும் பணிவாக. "தலை தெரிஞ்சாத்தானே மேலே? என்னைத்தான் துடைச்சுடுவாங்களே."

அண்ணன் யோசித்தார். அக்ரிமென்டில் துடைக்கப்பட்ட தலை பற்றி ஒன்றும் இல்லை. உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கழுத்துக்கு அது பழக்கமில்லை, ஏதோ சொடுக்கிட்டது.

"இருபத்தோரு சீனுக்கும் இருந்துடுங்க," என்றார் டைரக்டர். "அந்தக் கடைசி ஒன்றரை நிமிஷத்தை… யோசிக்கலாம்."

சினிமாவில் யோசிக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். சித்தப்பா தலையாட்டிக்கொண்டார். மனைவி இந்தத் தடவை யாரையும் இடிக்க வேண்டியிருக்காது. என்ன இருந்தாலும், நாற்காலி கிடைத்துவிட்டது; இரண்டு பெட்டியும் தலையணையும் சேர்த்து.

விளக்குகள் எரிந்தன. புகை வந்து தட்டுகளின்மேல் படர்ந்தது. பாப்பாவின் ஷாட் முடிந்துவிட்டாலும், மற்றவர்களுக்காக அவள் மறுபடி அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். காமிராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். பார்த்த இடத்தில் பச்சையாக ஒரு முகம் இருந்தது.

"என்ன சித்தப்பா, இவ்வளவு உயரத்துல இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ பார்த்த இடம் இதுதானாம். அளந்து உட்காரவச்சிருக்காங்க."

அவள் இன்னும் கொஞ்சம் அண்ணாந்தாள். "மூக்கு இருக்கா?"

"இருக்கு. அரிக்குது."

"ஆக்‌ஷன்," என்றார் டைரக்டர்.

ஸ்பூன் நூல் இல்லாமல் எழும்பியது. மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் ஒரு கணம் தாள முடியாமல் தட்டைப் பார்த்துவிட்டு, வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "சிந்தாம சாப்பிடுங்க."

யாரும் கட் சொல்லவில்லை. பச்சைத் துணிக்குள் அவர் வாய் நிறையச் சூப்போடு சிரித்தார். அடுத்த மாதம் யாரோ உட்கார்ந்து அதைத் துடைப்பார்கள். கொஞ்சம் சிந்தியது.