காலர் பிரிவு ஆஸ்பத்திரிக்குப் போன நாள்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலர் தைக்கும் பிரிவில் அவள்தான் மூத்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் பின்வாங்க மாட்டாள்.

தொழிற்சாலை இருந்த தெருவின் மறுகோடியிலேயே பெண்கள் ஆஸ்பத்திரி இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? இவர்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகு அது திறக்கும், இவர்கள் எழுந்து வெளியே வருவதற்குள் பூட்டிவிடும். தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்து, காலர் அக்கா மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கருத்தடை ஊசி போட்டு வந்தாள். போன வருஷம் ஊசி போட வேண்டிய நேரத்தில் அவசர ஆர்டர் என்று சூபர்வைசர் லீவு தரவில்லை. அடுத்த வாரமும் அதே பதில், அதற்கடுத்த வாரமும் அதே பதில். பிறகு ஊசிக்கே வேலை இல்லாமல் போயிற்று. வயிற்றில் வந்தது நிலைக்கவும் இல்லை. தையல் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையில், சத்தம் வெளியே கேட்டுவிடாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அவள் தனியாக நின்ற அந்தப் பகலைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. புருஷனிடம்கூட, நாள் தள்ளிப் போய் வந்துவிட்டது என்பதோடு முடித்துக்கொண்டாள்.

அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் பாட்டுக்கு இருந்திருப்பாள். சிட்டுவின் விஷயம்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

சிட்டு பக்கத்து மெஷின்காரி. கல்யாணமான புதுசு. தபாலில் படித்துக்கொண்டிருந்த படிப்பை முடித்துவிட்டுத்தான் குழந்தை என்று இருந்தாள். அதற்கு டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டாள். சூபர்வைசர் தையல் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "கல்யாணமான கையோட என்னம்மா ஆஸ்பத்திரி? நல்ல சேதி வரட்டும், அப்புறம் போகலாம்" என்றார். சில பேர் சிரித்தார்கள். சிட்டு குனிந்துகொண்டாள். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் காலரில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தது.

மதியம் சாப்பிடும்போது காலர் அக்கா, "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கேட்டுட்டுப் போகல, சொல்லிட்டுப் போறேன். வர்றவங்க வரலாம்" என்றாள். மற்றவர்கள் டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சொன்ன சொல்லை அவளே சூபர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் புருஷன் பயந்தான். அவன் பெயிண்டர், மழை பிடித்தால் அவனுக்கு வேலை நின்றுவிடும், அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரியும்.

"வேலை போயிட்டா என்ன பண்ணுவே?"

"அன்னைக்கு அந்தக் கக்கூஸ்ல என் உயிர் போயிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் தடவையாக அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது அவன்தான். மகளின் பின்னல் கோணல்மாணலாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போன காலர் அக்கா, தனக்கு முன்னாலேயே அங்கே ஆள் நிற்பதைப் பார்த்தாள். சிட்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் காலர் பிரிவு மொத்தமும் நின்றது. நேற்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருத்திக்கு மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கு. இன்னொருத்திக்குக் குழந்தையே தங்கவில்லை. எல்லோரிடமும் ஏதோ ஒன்று சொல்லாமல் கிடந்திருக்கிறது.

காலர் இல்லாமல் சட்டை நகராது. கையும் பையும் தைத்து முடித்த துணி, காலர் மெஷின்களின் முன்னால் குவிந்துகொண்டே போனது. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார் கிளப்பிவிட்ட வேலை இது?" என்று காத்திருக்கும் கூடத்துக்குள் வந்து கத்தினார்.

காலர் அக்கா எழுந்து நின்றாள். "யாரும் கிளப்பிவிடல சார். உடம்பு சொல்லுச்சு, வந்தோம்."

எல்லோரையும் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று அவர் ஆரம்பித்ததும், உள்ளே இருந்து டாக்டரம்மா வந்தார். இது ஆஸ்பத்திரி, இருந்தால் சத்தம் போடாமல் உட்காருங்கள், இல்லாவிட்டால் வெளியே போய்க் கத்துங்கள் என்றார். காலியாக இருந்தது ஒரே இடம், நிறைமாதக்காரிகள் இரண்டு பேருக்கு நடுவில். மேனேஜர் அதில் ஒடுங்கி உட்கார்ந்தார். போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, எப்போது வருவீர்கள் என்று கேட்டார். டாக்டர் எல்லோரையும் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் காலர் அக்கா.

"வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு இதைத் திறந்து வைக்கச் சொல்லுங்க சார். நாங்க எதுக்குப் பகல்ல வரப்போறோம்?"

சாயங்காலமும் திறக்க வேண்டும் என்று டாக்டரம்மா சுகாதாரத் துறை மேலிடத்தில் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். பெண்கள் யாரும் வருவதில்லையே என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்திருந்தது. இப்போது அவர் கூடத்தைக் காட்டினார். அதற்குள் இன்னும் பல பெண்கள் வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜர் அந்த மேலிடத்துக்கே போன் போட்டார். தன் சரக்குக்காகத்தான் பேசினார். ஆனாலும் மனிதர் விடாமல் பேசினார்.

காலர் அக்காவின் முறை வந்தது. இனிமேல் ஊசி வேண்டாம், வருஷக்கணக்கில் தாங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றாள். டாக்டரம்மா இருப்பவை எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "உங்களுக்கு எது சரின்னு தோணுது?" என்று கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டீர்களா, மாமியார் என்ன சொல்கிறார் என்றுதான் அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளே யோசித்து, காப்பர்-டி என்றாள். அன்றைக்கே வைத்து முடித்தார்கள்.

மறுநாள் சும்மா விடுவார்களா? சூபர்வைசர் அவளை நூல் பிசிறு வெட்டும் பிரிவுக்குத் தூக்கியடித்தார். முனகாமல் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் சிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தங்களுக்கும் பிசிறு வெட்டத்தான் ரொம்ப ஆசை என்று சூபர்வைசரிடம் பவ்யமாகச் சொன்னார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லோரும் அவரவர் மெஷினில் இருந்தார்கள், காலர் அக்கா உட்பட.

அந்த மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி சாயங்காலங்களில் திறந்தது. முதல் நாள் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. பிஸ்கட் கம்பெனியிலிருந்தும் அச்சகத்திலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். சிலரோடு புருஷன்மாரும் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். சிட்டு பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றாள்.

காலர் அக்காவுக்கு அன்றைக்கு டாக்டரிடம் ஒரு வேலையும் இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். பிஸ்கட் கம்பெனிக்காரி ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நீங்கதானே அது? எங்க கம்பெனியில பிரசவ லீவே ஒழுங்காத் தர்றதில்ல. என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றாள்.

காலர் அக்கா பையைக் கீழே வைத்தாள். "உங்க கம்பெனியில எந்தப் பிரிவு நின்னா மத்த எல்லாம் நிக்கும்?" என்று கேட்டாள்.